டெல்லிக்கு புதுசா வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு: 8 லேர்ந்து 12 வயசு புள்ளைங்களுக்கு கதைப் புத்தகம் தேர்ந்தெடுக்கறது, வாங்கறது, லைப்ரரி கார்டு எடுக்கறது எல்லாம்

டிரான்ஸ்ஃபர்லயோ வேலை மாறியோ டெல்லி வந்திருக்கீங்க, வீட்ல மூணாவதுலேர்ந்து ஆறாவது வரைக்கும் படிக்கற புள்ள இருக்கு, ஸ்கூல்ல "ஸ்டோரி புக் படிக்க வைங்க"ன்னு டைரில எழுதி அனுப்பறாங்க, எங்க போறது எதை வாங்கறதுன்னு தெரியல. இந்த நிலைமைல இருக்கறவங்களுக்காக எழுதறேன். எங்க வீட்ல ரெண்டு பேரு, பொண்ணு நாலாவது, பையன் ஆறாவது. லீவுக்கு ஸ்கூல்ல குடுத்த லிஸ்ட்டைத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் அலைஞ்சேன், பாதி புத்தகம் கிடைக்கல, கிடைச்சதுல பாதி புள்ளைங்க தொடல, ஒரு லைப்ரரில பேப்பர் சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த அலைச்சல் உங்களுக்கு வேணாம்.

1. எத்தனாவது படிக்கறான்னு பாக்காதீங்க, என்ன லெவல்ல படிக்கறான்னு பாருங்க

கடைல போய் "அஞ்சாவது படிக்கற பையனுக்கு"ன்னு கேட்டா அவங்க ஒண்ணு எடுத்து நீட்டுவாங்க, அது உங்க புள்ளைக்கு சரியா வரும்னு நிச்சயம் கிடையாது. அதுவும் தமிழ்நாட்டுலேர்ந்து நடுவுல வந்து சேர்ந்த புள்ளைங்க ஒரே நேரத்துல இந்தியும் புதுசா கத்துக்கிட்டு இருக்கும், இங்கிலீஷ் கதையும் படிக்கணும்னா மூச்சு முட்டிடும். அதனால முதல்ல அஞ்சு விரல் டெஸ்ட். புத்தகத்தோட நடுவுல ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து (முதல் பக்கம் வேணாம், அது எப்பவுமே ஈஸியாதான் இருக்கும்) புள்ளைய சத்தமா படிக்கச் சொல்லுங்க, தெரியாத வார்த்தை வரும்போதெல்லாம் ஒரு விரல் மடக்கணும். ஒரு பக்கத்துக்குள்ள அஞ்சு விரலும் மடங்கிடுச்சுன்னா அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேணாம். ரெண்டு மூணுன்னா சரியா இருக்கும். ஒண்ணுமே மடங்கலன்னாலும் கவலைப்படாதீங்க, ஈஸியான புத்தகம் படிக்கறது தப்பே இல்ல, வேகம் வர்றது அதுலதான்.

ஆறாவது படிக்கற பையன் மூணாவது லெவல் புத்தகம் எடுத்தா "இது சின்னப் புள்ளைங்க புக்குடா"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்த ஒரு வார்த்தைல புத்தகத்தை மூடி வெச்ச புள்ளைங்களை நானே பாத்திருக்கேன். மூணு மாசம் விடுங்க, அவனே மேல ஏறுவான்.

2. இங்கிலீஷ்ல எதுல ஆரம்பிக்கறது, எப்படி மேல போறது

*இப்பதான் படப் புத்தகத்தை விட்டு கதைப் புத்தகத்துக்கு மாறுற புள்ள:* டக்பில் பதிப்பகத்தோட ஹோல் புக்ஸ் வாங்குங்க. நம்ம ஊர் எழுத்தாளர்கள் எழுதினது, நம்ம ஊர் பேரு, நம்ம ஊர் டிபன் பாக்ஸ். புத்தகத்துல நிஜமாவே ஒரு ஓட்டை இருக்கும், அட்டைலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும். எங்க பொண்ணு அந்த ஓட்டைல ஆள்காட்டி விரலை விட்டு புத்தகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டே வீடு பூரா சுத்துவா, சாப்பிட உக்காந்தாலும் விரல் அதுக்குள்ளதான். 'பேட்டு பம்ப்கின் டிபன் தீஃப்', 'டிம்மி இன் டேங்கிள்ஸ்' ரெண்டுலேர்ந்தும் ஆரம்பிக்கலாம். இதே லெவலுக்கு சுதா மூர்த்தியோட 'கிராண்ட்மாஸ் பேக் ஆஃப் ஸ்டோரீஸ்' ரொம்ப நல்லா போகும், சின்னச் சின்ன கதைங்கறதால தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு முடிச்சுடலாம்.

*ஒரு 100 பக்கம் உக்காந்து படிக்கற புள்ள:* ரஸ்கின் பாண்டோட 'தி ப்ளூ அம்ப்ரெல்லா'. கார்வால் மலைல பின்யான்னு ஒரு பொண்ணு, தன் கழுத்துல இருக்கற சிறுத்தை நகத்தைக் குடுத்து ஒரு நீலக் குடையை வாங்கிடுவா, ஊர்ல கடை வெச்சிருக்கற ராம் பரோசாவுக்கு அந்தக் குடை மேல ஆசை வந்துடும். சின்ன புத்தகம்தான், ஆனா படிச்சு முடிச்சதும் புள்ளைங்க பேசும், ராம் பரோசா நல்லவரா கெட்டவரான்னு எங்க வீட்ல ராத்திரி பத்தரை வரைக்கும் பஞ்சாயத்து. ரோல்ட் டாலோட 'மட்டில்டா'வும் இந்த லெவல்தான், படிக்கறதுல பைத்தியமா இருக்கற பொண்ணு, கொடுமைக்கார ஹெட்மிஸ்ட்ரஸ், புள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும். ஈ.பி. வொயிட்டோட 'ஷார்லட்ஸ் வெப்' ஒரு பன்னிக்குட்டிக்கும் சிலந்திக்கும் உள்ள நட்பு, கடைசில சிலந்தி செத்துடும், அதைத் தெரிஞ்சுக்கிட்டு குடுங்க, அந்த அத்தியாயம் படிக்கற அன்னிக்கு பக்கத்துல இருங்க.

*பெரிய நாவலுக்கு தயாரான புள்ள, பத்து வயசுக்கு மேல:* ஆர்.கே. நாராயணோட 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' 1935ல வந்தது, பழைய இங்கிலீஷ்தான், ஆனா மால்குடி பசங்க கிரிக்கெட் டீம் ஆரம்பிக்கற இடத்துக்கு வந்துட்டா அப்புறம் கீழ வைக்க மாட்டாங்க. துப்பறியற கதை புடிக்கும்னா சத்யஜித் ரேயோட ஃபெலுடா, வங்காளத்துலேர்ந்து இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தது கிடைக்குது. ஆர்.ஜே. பலாசியோவோட 'வொண்டர்', முகம் வேற மாதிரி பொறந்த ஒரு பையன் முதல்முறையா ஸ்கூலுக்குப் போறது, புது ஊர்ல புது ஸ்கூல்ல சேர்ந்த புள்ளைக்கு இது நேரா மனசுல போய் உக்காரும். வீரா ஹிரானந்தானியோட 'தி நைட் டைரி' 1947 பிரிவினை சமயத்துல நிஷாங்கற பொண்ணு செத்துப்போன அம்மாவுக்கு எழுதற கடிதங்கள். டெல்லில உங்க புள்ளையோட கிளாஸ்ல பிரிவினைல பாகிஸ்தான் பக்கத்துலேர்ந்து வந்த குடும்பத்துப் பேரப்புள்ளைங்க நிச்சயம் இருப்பாங்க, நம்ம ஊர்ல வளர்ந்த புள்ளைக்கு அது தெரியவே தெரியாது, அதுக்காகவே இதைக் குடுக்கணும்னு சொல்வேன். வன்முறை உண்டு, 11 வயசுக்கு மேல பாத்துக்குங்க.

ஒரு எச்சரிக்கை. ஹாரி பாட்டர் ஏழும் சேர்ந்த பாக்ஸ் செட்டை ஆஃபர்ல பாத்ததும் வாங்கிடாதீங்க. முதல் மூணு இந்த வயசுக்கு சரி, நாலாவதுலேர்ந்து புத்தகமும் தடியாகிடும், கதையும் இருட்டாகிடும், கதைல வர்ற ஒரு ஸ்கூல் பையன் அதுல செத்துடுவான். முதல் புத்தகம் மட்டும் வாங்குங்க, அவங்களே ரெண்டாவது கேட்டா அப்புறம் பாக்கலாம். பெர்சி ஜாக்சன் வரிசைக்கும் இதேதான்.

'டைரி ஆஃப் எ விம்பி கிட்', ஜெரோனிமோ ஸ்டில்டன் இதெல்லாம் புத்தகமே இல்லன்னு சில பேரு சொல்லுவாங்க. கேக்காதீங்க, புள்ள தானா கையில எடுக்குதுன்னா அதுதான் நமக்கு வேணும்.

3. தமிழ்ல என்ன இருக்கு

இங்கதான் நெறைய பேரு கைவிடறாங்க. "புள்ளைக்கு தமிழ் பேச வரும், படிக்க வராது, அப்புறம் எதுக்கு"ன்னு விட்டுடறாங்க. டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தோட ஏழு ஸ்கூல்ல ஏதாவது ஒண்ணுல படிக்குதுன்னா தமிழ் பாடமாவே இருக்கும், மத்த ஸ்கூல்னா வீட்லதான். படிக்க வராத புள்ளைக்கு நீங்க படிச்சுக் காட்டுங்க, பன்னெண்டு வயசு ஆனாலும் பரவால்ல. இங்கிலீஷ் அதுங்க படிக்கட்டும், தமிழ் நம்ம வாயால போகட்டும், நான் சொல்ல வர்றதுல முக்கியமானது இதுதான்.

சத்தமா படிக்க நல்லா வர்றது எதுன்னா யெஸ். பாலபாரதியோட 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. மரப்பாச்சி பொம்மை ஒரு பொண்ணுகிட்ட பேச ஆரம்பிக்கும், தப்பா தொடறவங்களைப் பத்தி புள்ளைங்ககிட்ட எப்படி பேசறதுன்னு திணர்ற நமக்கு அந்தக் கதையே வழி போட்டுக் குடுத்துடும். சிறுவர் புத்தகத்துக்கு சாகித்ய அகாடமி குடுக்கற பால சாகித்ய புரஸ்கார் பரிசை 2020ல வாங்கினது. உதயசங்கரோட 'ஆதனின் பொம்மை' கீழடியை வெச்சு எழுதின நாவல், 2023ல அதே பரிசு. ஜெயமோகனோட 'பனிமனிதன்' இமயமலைல பனிமனிதனைத் தேடிப் போற சாகசம், பத்து வயசுக்கு மேல, அத்தியாயம் அத்தியாயமா ஒரு மாசம் ஓடும். சின்னதா வேணும்னா விழியனோட 'பென்சில்களின் அட்டகாசம்', மு. முருகேஷோட 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை', யூமா வாசுகியோட 'தன்வியின் பிறந்தநாள்'. அறிவியல் புடிச்ச புள்ளைன்னா ஆயிஷா நடராசனோட 'விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்'.

புதுசா என்ன வருதுன்னு தெரிஞ்சுக்க சுலபமான வழி, வருஷா வருஷம் சாகித்ய அகாடமி அறிவிக்கற பால சாகித்ய புரஸ்கார் தமிழ்ப் பட்டியல். ஆனா ஒண்ணு, அந்தப் புத்தகம் மண்டி ஹவுஸ் பக்கத்துல இருக்கற அகாடமி கடைல கிடைக்கும்னு நம்பி போகாதீங்க. பரிசு குடுக்கறது அகாடமி, புத்தகம் போடறது வேற பதிப்பகம். வானம் பதிப்பகம், பாரதி புத்தகாலயம் இந்த மாதிரி இடத்துலதான் கேக்கணும். பரிசுன்னாலே கதைன்னும் நினைச்சுக்காதீங்க, சில வருஷம் கவிதைத் தொகுப்புக்குக் குடுப்பாங்க, பாத்து ஆர்டர் போடுங்க.

4. காசு குடுக்கறதுக்கு முன்னாடி இலவசமா பாருங்க

பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்லயே கதைங்க இருக்கு, லெவல் 1லேர்ந்து 4 வரைக்கும் பிரிச்சு வெச்சிருக்காங்க, டவுன்லோட் பண்ணி பிரிண்டும் எடுத்துக்கலாம். அரசாங்கத்தோட ராஷ்ட்ரிய இ-புஸ்தகாலயா ஆப்பும் இலவசம், அதுல 8-11, 11-14ன்னு வயசு வாரியா இருக்கு, தமிழும் உண்டு. ரெண்டு வாரம் இதுல படிக்க விட்டுப் பாருங்க, மிருகக் கதையா, பேய்க் கதையா, சிரிப்பா, துப்பறியறதா, எது புடிக்குதுன்னு தெரிஞ்சுடும், அப்புறம் கடைக்குப் போனா காசு வீணாகாது.

5. லைப்ரரி கார்டு: எந்தெந்த பேப்பர் எடுத்துட்டுப் போகணும்

மூணு இடம் சொல்றேன். பகதூர் ஷா ஜஃபர் மார்க்ல நேரு ஹவுஸ்ல இருக்கற சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட், அங்க புள்ளைங்களுக்குன்னே பி.சி. ராய் நினைவு லைப்ரரி இருக்கு, அதே கட்டடத்துல பொம்மை மியூசியமும் இருக்கறதால முதல் தடவை கூட்டிட்டுப் போறது சுலபம். ஐடிஓ மெட்ரோல இறங்கினா பக்கம். அடுத்தது டெல்லி பப்ளிக் லைப்ரரி, தலைமை இடம் பழைய டெல்லி ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ல, கிளைங்க ஊர் முழுக்க இருக்கு, வீட்டுக்குப் பக்கத்து கிளையத் தேடுங்க. மூணாவது ஆர்.கே. புரம் டெல்லி தமிழ்ச் சங்கத்தோட நூலகம், தமிழ்ப் புத்தகத்துக்கு இதுதான், போனா நம்ம ஆளுங்க நாலு பேரைப் பாத்த மாதிரியும் ஆச்சு.

எங்க போனாலும் இந்த ஃபைலை ஒரு தடவை ரெடி பண்ணி வெச்சுக்குங்க: புள்ளையோட ஆதார் ஜெராக்ஸ், உங்க ஆதார் ஜெராக்ஸ், புள்ளையோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு, ஸ்கூல் ஐடி கார்டு ஜெராக்ஸ், டெல்லி அட்ரஸ் ப்ரூஃப். ஒரிஜினலும் கையில இருக்கட்டும்.

அட்ரஸ் ப்ரூஃப்லதான் எல்லாரும் மாட்டறது. நம்ம ஆதார்ல மதுரையோ கோயம்புத்தூரோ இருக்கும், கரண்ட் பில் வீட்டு ஓனர் பேர்ல இருக்கும். கவுண்டர்ல இருக்கறவர் ரெண்டையும் பாத்துட்டு "நஹி சலேகா" (இது செல்லாது)ன்னுடுவார், என்கிட்ட அப்படித்தான் சொன்னாங்க. அதனால வாடகை ஒப்பந்தம் இ-ஸ்டாம்ப் பேப்பர்ல போட்டதா இருக்கணும், வெறும் வெள்ளைத் தாள்ல கையெழுத்து போட்டது எடுபடாது. 11 மாசத்துக்குப் போட்டது முடிஞ்சு போயிருந்தாலும் எடுபடாது, தேதியப் பாத்துட்டுப் போங்க. அதோட ஓனர் பேர்ல இருக்கற கரண்ட் பில் ஜெராக்ஸையும் சேர்த்து வைங்க. இதைவிட சுலபமா ஒண்ணு இருக்கு, ஸ்கூல் ஆபீஸ்ல போனஃபைட் சர்டிஃபிகேட் கேளுங்க, அதுல இப்போ இருக்கற டெல்லி அட்ரஸைப் போட்டு சீல் வெச்சுத் தரச் சொல்லுங்க. கேட்ட அன்னிக்கே தர மாட்டாங்க, ஒரு வாரம் முன்னாடியே லெட்டர் குடுத்துடுங்க. பரீட்சை சமயத்துலயும் ஏப்ரல் அட்மிஷன் சமயத்துலயும் கேட்டா இழுத்தடிப்பாங்க.

டெபாசிட் கட்டினா ரசீது வாங்கி அதே ஃபைல்ல வைங்க, ஊர் மாத்திட்டுப் போறப்போ திரும்ப வாங்க அதுதான் வேணும். கிளம்பறதுக்கு முன்னாடி போன் போட்டு எந்தக் கிழமை லீவு, கார்டு போடற கவுண்டர் எத்தனை மணி வரைக்கும்னு கேட்டுடுங்க, லைப்ரரி திறந்திருக்கற நேரமும் கார்டு போடற நேரமும் ஒண்ணா இருக்காது.

6. வாங்கறதுன்னா எங்க, எவ்ளோ ஆகும்

வசந்த் குஞ்ச்ல நேரு பவன்ல நேஷனல் புக் டிரஸ்ட் கடை இருக்கு, அவங்க புள்ளைங்க புத்தகம் பல மொழில போடறாங்க, தமிழும் உண்டு. நெறைய புத்தகம் 100 ரூபாய்க்குள்ளயே முடிஞ்சுடும். சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் புத்தகமும் அதே மாதிரி விலை குறைச்சல். புள்ளைக்கு இந்தி தடுமாறுதுன்னா இந்த ரெண்டு இடத்துலயும் எளிமையான இந்திக் கதை நாலு வாங்கிப் போடுங்க, ட்யூஷனைவிட நல்லா உதவுது. மத்தபடி புது இங்கிலீஷ் நாவல் ஒண்ணுக்கு சுமாரா 250லேர்ந்து 500 ஆகும். நாங்க மாசம் 500 ரூபாய்னு வெச்சிருக்கோம், அதுக்கு மேல லைப்ரரிதான்.

பழைய புத்தகம்னா ஞாயித்துக்கிழமை தர்யாகஞ்ச் சந்தை. ரோட்டோரத்துல போடறது 2019லயே நின்னு போச்சு, இப்போ ஆசஃப் அலி ரோட்ல மகிளா ஹாட்ல நடக்குது, டெல்லி கேட் மெட்ரோ. சில பேரு கிலோ கணக்குல குடுப்பாங்க, புள்ளைங்க புத்தகத்துக்கு அது நல்ல கணக்கு. காலைல சீக்கிரம் போங்க, மே ஜூன்ல பதினோரு மணிக்கு மேல அங்க நிக்க முடியாது. ஜிபேயை மட்டும் நம்பாம சில்லறையும் எடுத்துட்டுப் போங்க.

அங்க வாங்கறப்போ ஒவ்வொண்ணையும் கையில எடுத்துப் பாருங்க. திருட்டுப் பிரிண்ட் நெறைய ஓடுது. அட்டை பளபளன்னு இருக்கும், உள்ள பேப்பர் மெல்லிசா, பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும், சில வரி கோணலா போகும், முதுகுல கோந்து மட்டும் தடவியிருப்பாங்க, ரெண்டு தடவை விரிச்சா பக்கம் கையோட வந்துடும். கடைசி அத்தியாயம் இருக்கான்னு புரட்டிப் பாத்துட்டே காசு குடுங்க. துப்பறியற கதைல கடைசி எட்டு பக்கம் இல்லாம வீட்டுக்கு வந்து புள்ள அழுதா அந்த ஞாயித்துக்கிழமை போச்சு.

7. தமிழ்ப் புத்தகம் டெல்லிக்கு வர்ற வழி

ஊர்லேர்ந்து தாத்தா பாட்டி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல வர்றாங்கன்னா முறுக்கோட நாலு புத்தகமும் வரட்டும், லிஸ்ட்டை வாட்ஸாப்ல முன்னாடியே அனுப்பிடுங்க, "ஏதாவது கதை புக்கு"ன்னு சொன்னா தெனாலிராமன்தான் வரும். டிசம்பர் ஜனவரில சென்னை புத்தகக் கண்காட்சி நடக்கறப்போ அங்க இருக்கற சொந்தக்காரங்ககிட்ட சொல்லி வைங்க, பத்து சதவீதம் கழிவும் கிடைக்கும்.

தபால்ல அனுப்பணும்னா 2025 மே 1லேர்ந்து ஞான் போஸ்ட்னு ஒண்ணு வந்திருக்கு. 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய், 5 கிலோ வரைக்கும் போனாலும் 100 ரூபாய்தான், வரி தனி. அச்சடிச்ச புத்தகமா இருக்கணும், பதிப்பகம் பேரு அதுல இருக்கணும், உள்ள விளம்பரத் தாள் இருக்கக் கூடாது. அனுப்பறவங்ககிட்ட கவுண்டர்ல "ஞான் போஸ்ட்"னு பேரு சொல்லியே கேக்கச் சொல்லுங்க, இல்லன்னா ஸ்பீட் போஸ்ட்ல போட்டு பல மடங்கு வாங்கிடுவாங்க. தரை வழியா வர்றதால நாள் ஆகும், பொறந்தநாளுக்கு வேணும்னா மூணு வாரம் முன்னாடியே போடணும்.

8. வருஷத்துல எப்போ எதைப் பண்றது

ஏப்ரல்ல புது கிளாஸ் ஆரம்பிச்சதும் போனஃபைட் வாங்கி கார்டு போட்டுடுங்க, மே நடுவுல லீவு விட்டதும் எல்லாரும் ஒரே நேரத்துல வருவாங்க. ஸ்கூல் ரீடிங் லிஸ்ட் வந்த வாரத்துலயே புத்தகத்தைத் தேடுங்க, ஜூன் கடைசில தேடினா கடைல இருக்காது. லிஸ்ட்ல இருக்கற எல்லாத்தையும் வாங்கணும்னு கிடையாது, டீச்சர்கிட்ட நேரா கேளுங்க, பெரும்பாலும் ரெண்டு போதும்னுதான் சொல்லுவாங்க, அதே லெவல்ல வேற புத்தகம் ஆனாலும் ஒத்துக்குவாங்க.

நவம்பர்ல காத்து மோசமாகி ஸ்கூலை ஆன்லைனுக்கு மாத்திடுவாங்க, வெளில விளையாடவும் விட முடியாது. அதுக்கு தீபாவளிக்கு முன்னாடியே நாலஞ்சு புத்தகம் வீட்ல சேத்து வைங்க, பெரிய நாவல் ஆரம்பிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது, பையன் 'பனிமனிதன்' கேட்டு முடிச்சது அப்போதான்.

ஜனவரி பிப்ரவரில பாரத் மண்டபத்துல உலகப் புத்தகக் கண்காட்சி. மெட்ரோ ஸ்டேஷன் பேரு இப்போ சுப்ரீம் கோர்ட், பழைய பேரு பிரகதி மைதான்னு ஆட்டோக்காரர் சொன்னா குழம்பாதீங்க. சனி ஞாயிறு தள்ளுமுள்ளு, வார நாள்ல மத்தியானம் போங்க. நேரா புள்ளைங்க அரங்குக்குப் போய் அவங்க கையில 300 ரூபாயைக் குடுத்துட்டு நீங்க ஓரமா நில்லுங்க, என்ன எடுத்தாலும் ஒண்ணும் சொல்லாதீங்க. தமிழ் ஸ்டால் இந்திய மொழிகள் பக்கம் ஒண்ணு ரெண்டு இருக்கும், கடைசி நாள் போனா கழிவு கேட்டு வாங்கலாம், ஆனா நல்ல தலைப்பு தீர்ந்து போயிருக்கும், அதனால முதல் ரெண்டு மூணு நாள்ல போறதுதான் என் யோசனை.

கோடை லீவுக்கு ஊருக்குக் கிளம்பறவங்க லைப்ரரி புத்தகத்தை டிக்கெட் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே திருப்பிக் குடுத்துடுங்க. ஒன்றரை மாசம் கழிச்சு வந்து அபராதம் கட்டறதுகூட பரவால்ல, சில இடத்துல கார்டையே நிறுத்தி வெச்சுடுவாங்க, அப்புறம் மறுபடி அந்த ஃபைலைத் தூக்கிக்கிட்டு முதல்லேர்ந்து போகணும்.